மொசளே கீழ, கொக்கரே மேல: ரங்கனத்திட்டு ஏன் அப்படி இருக்கு

மைசூர் டூர் போறவங்க லிஸ்ட்ல அரண்மனை, சாமுண்டி மலை, பிருந்தாவன் கார்டன் எல்லாம் எழுதி முடிச்சிட்டு, கடைசில இடம் மிச்சம் இருந்தா "போற வழில பறவை சரணாலயம் ஒண்ணு இருக்காமே"ன்னு சேக்கற இடம் தான் ரங்கனத்திட்டு. மத்தியானம் ரெண்டு மணி வெயில்ல வந்து இறங்கி, போட்ல ஒரு சுத்து சுத்திட்டு, நாலு முதலை, நாப்பது கொக்கு பாத்துட்டு, "இதுக்கா இவ்ளோ தூரம்"னு ஐஸ்க்ரீம் வாங்கிட்டு கிளம்பிடுவாங்க. குறையா சொல்லல, நானும் முதல் தடவை அதே தான் பண்ணேன். ரெண்டாவது தடவை அம்மாவை கூட்டிட்டு போனப்போ தான், நாம பாக்கறது என்னன்னே தெரியாம பாத்துட்டு வந்திருக்கோம்னு உறைச்சுது. அதனால தான் இந்த இடம் எப்படி உருவாச்சு, பறவை ஏன் குறிப்பா இங்க வந்து கூடு கட்டுது, தண்ணி ஏறினா என்ன ஆகும் இறங்கினா என்ன ஆகும்னு கொஞ்சம் விளக்கமா எழுதலாம்னு தோணிச்சு.

இடம் எங்கன்னா கர்நாடகா, மண்டியா மாவட்டம், ஸ்ரீரங்கப்பட்டணத்துல இருந்து மூணு நாலு கிலோமீட்டர். காவிரி நடுவுல சின்னதும் பெருசுமா கிடக்கற திட்டுகள். ஆமா, நம்ம மணல் திட்டு, மேட்டுத் திட்டுன்னு சொல்ற அதே திட்டு தான், கன்னடத்துலயும் அதே வார்த்தை. சரணாலயம்னு அறிவிச்ச பரப்பு வெறும் 67 ஹெக்டேர் தான், அதாவது காலைல வாக்கிங் போறவங்க சுத்தி வந்துடற அளவு, ஆனா 2022ல ராம்சார்ங்கற சர்வதேச ஈரநிலப் பட்டியல்ல சேத்தப்போ ஆத்தோட இன்னும் நீளமான பகுதியையும் சேத்து 500 ஹெக்டேருக்கு மேல கணக்கு வெச்சாங்க. 225 வகைப் பறவை, 69 வகை மீன், உலகத்துல இருக்கற மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, வெள்ளை அரிவாள் மூக்கன் ஒவ்வொண்ணுலயும் 1 சதவீதத்துக்கு மேல இந்த இடத்தை நம்பி இருக்குன்னு அந்தப் பட்டியல் சொல்லுது. 1 சதவீதம்னா கம்மியா தெரியும், ஆனா உலகம் பூராவுக்கும் 1 சதவீதம், அதுவும் ஒரே ஒரு ஆத்து வளைவுல.

இப்ப முக்கியமான விஷயம் என்னன்னா, இது "இயற்கையா" உருவான இடம் கிடையாது. 1638ல இருந்து 1659 வரைக்கும் மைசூரை ஆண்ட கண்டீரவ நரசிம்மராஜ உடையார், 1645ல இருந்து 1648க்குள்ள பாசனத்துக்காக ஆத்துக்கு குறுக்க ஒரு அணைக்கட்டு கட்டினார், ரொம்ப உயரம் எல்லாம் இல்ல, நம்ம கல்லணை மாதிரி தண்ணியை நிறுத்தி வாய்க்கால்ல திருப்பி விடற டைப். தண்ணி பின்னாடி தேங்கினதும் ஆத்துப் படுகைல இருந்த மேடெல்லாம் தனித்தனி தீவா நின்னுடுச்சு, அதுல நீர்மருது, மூங்கில், தாழைன்னு வளந்து அடைஞ்சுது. நெல்லுக்கு தண்ணி வேணும்னு கட்டினது பறவைக்கு வீடா போச்சு. யாரும் பிளான் பண்ணல.

அம்மாவுக்கு இதெல்லாம் ரெண்டாம் பட்சம். எங்க ஊர் ஸ்ரீரங்கம். அவங்களுக்கு இது ஆதிரங்கம் இருக்கற ஊர், காவிரி ரெண்டா பிரிஞ்சு சேர்ற மூணு தீவுல மூணு ரங்கநாதர், ஸ்ரீரங்கப்பட்டணம் முதல், சிவனசமுத்திரம் நடு, நம்மூர் கடைசி. போட்ல ஏறி உக்காந்ததும் முதல் கேள்வியே "இந்தத் தண்ணி தானேடா நம்ம அம்மா மண்டபம் படித்துறைக்கு வருது?" நான் ஆமாம்மான்னேன். முன்னாடி துடுப்பு போட்டுட்டு இருந்த அண்ணன் திரும்பிப் பாத்து சிரிச்சார், அவருக்கு தமிழ் நல்லாவே புரியும்னு அப்புறம் தான் தெரிஞ்சுது. "விட்டா வரும்மா"ன்னார்.

இந்த ஜோக்குக்கு அப்புறம் வர்றேன். முதல்ல தீவு.

ஸ்ரீரங்கப்பட்டணம் ஏன் தலைநகரா இருந்துச்சு? ஆறு சுத்தி ஓடுது, அது தான் முதல் காரணம். எதிரி படை வரணும்னா தண்ணியை தாண்டணும். மழை பெஞ்சு ஆறு பெருகிடுச்சுன்னா அது மாதிரி ஒரு அகழி காசு குடுத்தாலும் வெட்ட முடியாது. 1799ல வெள்ளைக்காரன் திப்பு மேல படை எடுத்தப்போ அவங்களுக்கு இருந்த பெரிய டென்ஷனே இது தான், பருவமழைக்கு முன்னாடி முடிச்சாகணும். மே 4ஆம் தேதி, உச்சி வெயில்ல, ஆறு கடக்கற அளவுக்கு வத்தி பாறை தெரிஞ்ச நேரத்துல இறங்கி கடந்து கோட்டைக்குள்ள போனாங்க. ஒரு மாசம் தள்ளிப் போயிருந்தா கதையே வேற மாதிரி போயிருக்கலாம்.

ரங்கனத்திட்டுல கூடு கட்டற நாரையும் கிட்டத்தட்ட இதே கணக்கு தான் போடுது. நாரை ஒரு கூட்டுல ரெண்டுல இருந்து நாலு முட்டை போடும், குஞ்சு பொரிச்சு பறக்கற வரைக்கும் மாசக்கணக்குல ஒரே மரத்துல மாட்டிட்டு நிக்கணும். அந்த நேரத்துல நாய், பூனை, மரநாய், குரங்கு, பாம்பு, மனுஷன் யாரு வேணா ஏறி வரலாம். கரையில இருக்கற மரத்துல கட்டினா முடிஞ்சுது. அதனால அதுக்கு காடு வேண்டாம், அழகான சீனரி வேண்டாம், சுத்தி தண்ணி இருக்கற மரம் வேணும். அந்தத் தண்ணிக்குள்ள முதலையும் இருந்தா இன்னும் நல்லது.

இங்க தான் பல பேர் தப்பா புரிஞ்சுக்கறாங்க. மரத்துக்கு நேர் கீழ பாறைல வாயைத் திறந்துட்டு படுத்திருக்கற முதலையைப் பாத்து "ஐயோ பாவம் பறவைங்க"ன்னு சொல்லுவாங்க. எங்க போட்லயும் ஒரு அக்கா சொன்னாங்க. நிஜத்துல முதலை தான் அங்க வாட்ச்மேன். மரம் ஏறத் தெரியாது, கூட்டுக்கு ஒண்ணும் பண்ண முடியாது, ஆனா நீந்தி வர்ற பூனை, நாய், குரங்கை எல்லாம் கரையிலயே யோசிக்க வெச்சிடும். சம்பளம் என்னன்னா கூட்டுல இருந்து தவறி விழற குஞ்சும், சண்டைல தள்ளி விடற குஞ்சும். அமெரிக்கால ஃபுளோரிடா சதுப்பு நிலத்துல இதை ஆராய்ச்சியே பண்ணிருக்காங்க, அங்க கொக்கு, நாரை வகைங்க அலிகேட்டர் இருக்கற இடமா பாத்து தான் கூடு கட்டுதாம், அதே மாதிரி கூட்டுக்கு கீழ இருக்கற அலிகேட்டருங்க மத்த இடத்துல இருக்கறதை விட நல்லா கொழுத்து இருக்காம். ரெண்டு பேருக்கும் லாபம். குஞ்சுக்கு தான் நஷ்டம், ஆனா அது எல்லா மரத்துலயும் விழத் தான் செய்யும்.

முதலை வாயைத் திறந்து வெச்சிருக்கறது கோவத்துல இல்ல, சூட்டை சமாளிக்கறதுக்கு. வெயில்ல படுத்து உடம்பை சூடு பண்ணிக்கும், அதிகமாச்சுன்னா வாய் வழியா வெளிய விடும். இதுங்க சதுப்பு முதலை, நல்ல தண்ணில வாழற இனம், நம்ம கொள்ளிடத்துல அணைக்கரை பக்கம் இருக்கறதும் இதே இனம் தான். இதைப் பத்தி இன்னொரு சுவாரசியமான விஷயம், ஈசிஆர் ரோட்ல வடநெம்மேலி முதலைப் பண்ணை இருக்கில்ல, அங்க கொக்குங்க கூடு கட்டற சீசன்ல சில முதலை மூக்கு மேல சுள்ளியை பேலன்ஸ் பண்ணிட்டு அசையாம மிதந்து கிடந்ததை கவனிச்சு 2013ல ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. கூடு கட்ட சுள்ளி தேடற கொக்கு அதை எடுக்க கிட்ட வரும்ல, அப்ப லபக். ஊர்வன ஒண்ணு கருவி மாதிரி ஒரு பொருளை யூஸ் பண்ணுதுன்னு வந்த முதல் ரிப்போர்ட் அது. "அதெல்லாம் சும்மா, தண்ணில மிதக்கற சுள்ளி தானா வந்து ஒட்டிக்குது"ன்னு மறுக்கறவங்களும் இருக்காங்க, சண்டை முடியல. ரங்கனத்திட்டுல முதலையைப் பாக்கறப்போ மூக்கு மேல எதுனா இருக்கான்னு நான் இப்ப எல்லாம் பாக்காம விடறது இல்ல. இது வரைக்கும் ஒண்ணும் சிக்கல.

"மொசளே, மொசளே"ன்னு போட் அண்ணன் மெதுவா சொல்லுவார். முதலை தான் மொசளே, ஒரே வேர். நாரை அவருக்கு கொக்கரே, மஞ்சள் மூக்கு நாரை பண்ணத கொக்கரே, வண்ணக் கொக்குன்னு அர்த்தம். ஒரு பையன் தண்ணில விரல் விட்டு விளையாடினப்போ மட்டும் தமிழ், கன்னடம் எல்லாம் கலந்து சத்தமா வந்துச்சு, "கை ஹொரகே ஹாக்பேடி, உள்ள வைப்பா!"

மஞ்சள் மூக்கு நாரையை கிட்டத்துல பாக்க இதை விட்டா எனக்கு தெரிஞ்சு நல்ல இடம் இல்ல, போட் மரத்துக்கு அவ்ளோ பக்கத்துல போகும். மஞ்சள் அலகு, ஆரஞ்சு கலர்ல இறகு இல்லாத முகம், வால் பக்கமா விழற ரெக்கை இறகுல ஒரு ரோஸ் கலர், யாரோ பிரஷ்ல தடவி விட்ட மாதிரி. ஆனா காலைப் பாருங்க. நிஜத்துல ரோஸ் கலர் கால், பாதி பறவைக்கு வெள்ளையா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கும். அது எச்சம். வெயில் ஏற ஏற அது தன் கால் மேலயே எச்சம் போட்டுக்கும், அந்த ஈரம் காயறப்போ காலுக்குள்ள ஓடற ரத்தம் குளிரும், உடம்பு சூடு இறங்கும். நம்ம பானைத் தண்ணி சில்லுன்னு ஆகற அதே டெக்னிக் தான். அம்மாகிட்ட சொன்னப்போ "சீ"ன்னாங்க, அப்புறம் ஒரு நிமிஷம் கழிச்சு "புத்திசாலி தான்"னாங்க. அதே நேரம் கூட்டுல நிக்கற தாய் ரெக்கையை ரெண்டு பக்கமும் விரிச்சு வெயிலுக்கு முதுகைக் காட்டி குடை மாதிரி நிக்கும், குஞ்சு அந்த நிழல்ல உக்காந்திருக்கும், சூரியன் நகர நகர தாயும் திரும்பும். மத்தியானம் போறவங்களுக்கு கிடைக்கற ஒரே போனஸ் இந்தக் காட்சி தான்.

சத்தம்னு பாத்தா பெரிய நாரை ஊமைன்னே சொல்லலாம், அலகை டகடகன்னு தட்டும், அவ்ளோ தான். அந்த கசகசன்னு இரைச்சல் எல்லாம் குஞ்சுங்க போடறது.

அது மீன் பிடிக்கற விதமும் வேற. கொக்கு மாதிரி கண்ணால குறி பாத்து குத்தறது இல்ல. அலகை பாதி திறந்து தண்ணிக்குள்ள விட்டுட்டு மெதுவா நடக்கும், காலால சேத்தைக் கிளறும், மீன் அலகுல பட்டதும் டப்புன்னு மூடும். இதோட அமெரிக்க சொந்தக்கார நாரை ஒண்ணுல அளந்து பாத்திருக்காங்க, பட்டதும் மூடறதுக்கு 25 மில்லி செகண்ட், நாம கண் சிமிட்டறதை விட வேகம். கலங்கின தண்ணில கூட பிடிக்கலாம், கண்ணு தேவையே இல்ல. ஆனா ஒரு கண்டிஷன், ஆழம் கம்மியா இருக்கணும், மீன் நெருக்கமா இருக்கணும். அப்படி பாத்தா ரங்கனத்திட்டுல ஆத்துல அதுக்கு பெருசா சாப்பாடு இல்ல. சுத்தி இருக்கற ஏரி, குளம், வயல்ல தான் மேயும். திட்டு வெறும் பிரசவ வார்டு, மெஸ் வெளிய இருக்கு.

நத்தை குத்தி நாரைக்கு இது இன்னும் பொருந்தும். அதோட ரெண்டு அலகும் மூடினாலும் நடுவுல இடைவெளி இருக்கும், பாக்குவெட்டியால பாக்கை பிடிக்கற மாதிரி நத்தையை அந்த சந்துல வெச்சு நொறுக்கும்னு ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தாங்க, ஆனா உத்துப் பாத்தா ஓடு பெரும்பாலும் உடையறதே இல்ல, கீழ் அலகு நுனியை நத்தை மூடிக்கு அடியில விட்டு சதையை அறுத்து வெளிய இழுத்துடுது. குஞ்சுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளர தான் வரும். அதுக்கு தேவையான நத்தை எங்க இருக்கு? மண்டியா நெல் வயல்ல. அந்த வயலுக்கு தண்ணி எங்க இருந்து? காவிரி அணைக்கட்டு வாய்க்கால்ல இருந்து. ஆத்துல கட்டு கட்டினதால தீவு வந்துச்சு, வாய்க்கால் வெட்டினதால நத்தை வந்துச்சு. இது ரெண்டும் சேராம இந்த இடம் இல்ல. "மனுஷன் கை வெச்சா இயற்கை போச்சு"ன்னு ஒரே வரில சொல்றவங்களுக்கு இந்த இடம் கொஞ்சம் இடிக்கும்.

கரண்டிவாயன் இன்னொரு கூத்து. கரண்டி மாதிரி தட்டையான அலகை தண்ணில விட்டு இடமும் வலமும் அரிவாள் வீசற மாதிரி வீசிட்டே நடக்கும். பாம்புத்தாரா உடம்பெல்லாம் தண்ணிக்குள்ள, கழுத்து மட்டும் வெளிய, முதல் தடவை பாக்கறவங்க பாம்புன்னு கத்துவாங்க. அதுவும் நீர்க்காகமும் வெளிய வந்து ரெக்கையை விரிச்சு காய வெக்கும், ஏன்னா அதுங்க இறகு முழுசா வாட்டர் ப்ரூஃப் கிடையாது, நனைஞ்சா தான் கனம் ஏறி சுலபமா முங்க முடியும், அதுக்கு குடுக்கற விலை இந்த காய வெக்கற வேலை. பாறைங்க அடிப்பக்கம் தகைவிலான் கூட்டம் மண்ணைக் கொழைச்சு சுரைக்குடுக்கை மாதிரி ஒட்டி வெச்சிருக்கற கூடுகளையும் பாக்கலாம், ஒண்ணு மேல ஒண்ணு, சிங்காரச் சென்னை ஃப்ளாட் மாதிரி.

ஆனா எனக்கு அங்க பிடிச்ச பறவை இது எதுவும் இல்ல. ஆற்று ஆலா. வெள்ளை சாம்பல் உடம்பு, கருப்பு தொப்பி, மஞ்சள் அலகு, சின்ன பறவை. இது மரத்துல ஏறாது, கூடும் கட்டாது. ஆத்து நடுவுல தண்ணில இருந்து ஒரு முழம் கூட உயரம் இல்லாத பாறைல, சும்மா அப்படியே முட்டையைப் போட்டு உக்காந்துடும். நாங்க போனது மார்ச் ரெண்டாவது வாரம். போட் அண்ணன் துடுப்பை நிறுத்திட்டு கண்ணாலயே காட்டினார். பாறைல ஒரு சின்ன பள்ளம், அதுல ஆலா, அது ஒரு செகண்ட் எழுந்து திரும்பி உக்காந்தப்போ ரெண்டு முட்டை தெரிஞ்சுது, புள்ளி புள்ளியா, கல்லு கலர்லயே, நேரா பாத்தும் எனக்கு முதல்ல கண்ணுல படல, அம்மா தான் முதல்ல கண்டுபிடிச்சாங்க. ரெண்டு பாறை தள்ளி கண்கிலேடிங்கற பறவையோட பெரிய அண்ணன் மாதிரி ஒண்ணு, முட்டைக் கண்ணு, மஞ்சக் கலர், அசையவே இல்ல, அது ராத்திரி டூட்டி பறவை. அம்மா பாட்டுக்கு ஆலாவையே பாத்துட்டு இருந்தாங்க. "தண்ணி வந்தா?"ன்னு கேட்டாங்க. அண்ணன் பதில் சொல்லல, போட்டை திருப்பிட்டார்.

அந்தக் கேள்வி தான் இந்த இடத்தோட மொத்தக் கதையும்.

மேல ஆத்துல பத்துப் பதினஞ்சு கிலோமீட்டருக்குள்ள கிருஷ்ணராஜ சாகர் அணை இருக்கு, நம்ம நியூஸ்ல கேஆர்எஸ்னு வருமே அது. 1911ல வேலை ஆரம்பிச்சது, விஸ்வேஸ்வரய்யா காலத்து டேம், முழு உயரம் 124.80 அடி. அது கட்டினதுக்கு அப்புறம் ரங்கனத்திட்டுக்கு வர்ற தண்ணி மழை குடுக்கற தண்ணி இல்ல, ஷட்டர் குடுக்கற தண்ணி. அகழில தண்ணி எவ்ளோ நிக்கணும்னு இப்ப முடிவு பண்றது வானம் மட்டும் இல்ல, டேம்ல இருக்கற இன்ஜினியரும், டெல்லில இருக்கற காவிரி ஆணையமும், மண்டியா விவசாயியும், தஞ்சாவூர் விவசாயியும் தான்.

தண்ணி ரொம்ப குறைஞ்சா என்ன ஆகும்? திட்டுக்கும் கரைக்கும் நடுவுல பாறை தெரிய ஆரம்பிச்சிடும், நாயும் பூனையும் நடந்தே வந்துடும், அகழி இல்லாத கோட்டை ஆயிடும், 1799 மே மாசம் மாதிரி. ரொம்ப ஏறினா? தாழ்வா கட்டின கூடு போகும், ஆலாவோட பாறை முழுகும், திட்டோட கரை அரிச்சு மரமே சாயும். 2018, 2019 ரெண்டு வருஷமும் கேஆர்எஸ்ல இருந்து ஒரு லட்சம் கன அடிக்கு மேல திறந்து விட்டப்போ திட்டுங்க முழுகி, போட் நாள்கணக்குல நின்னு, அப்புறம் மண் மூட்டை அடுக்கி கரையைப் பலப்படுத்தற வேலை எல்லாம் நடந்துச்சு. அதனால தான் அந்த அண்ணன் அன்னிக்கு சொன்ன ஜோக்கோட ரெண்டாவது பாதி, இறங்கறப்போ சொன்னார், "உங்க ஊருக்கு தண்ணி நிறைய வந்தா எங்களுக்கு இங்க வேலை இல்லம்மா." சிரிச்சிட்டே தான் சொன்னார்.

நாம காவிரின்னா டிஎம்சி கணக்கு தான் பேசுவோம், தமிழ்நாட்டுக்கு இவ்ளோ, கர்நாடகாவுக்கு இவ்ளோ. 2007ல நடுவர் மன்றம் குடுத்த இறுதித் தீர்ப்புல மொத்தம் 740 டிஎம்சியை பிரிச்சப்போ ஒரு 10 டிஎம்சி சுற்றுச்சூழலுக்குன்னு தனியா ஒதுக்கிருக்கு, கடலுக்குப் போய் சேர்றதுக்கு இன்னொரு 4. 2018ல சுப்ரீம் கோர்ட் நம்ம பங்கைக் குறைச்சு 404.25ன்னு ஆக்கினப்போ டிவில விடிய விடிய விவாதம் நடந்துச்சு, இந்த 10 பத்தி ஒரு வார்த்தை நான் கேட்டதா ஞாபகம் இல்ல. ஆனா என்னோட கருத்து, ஆலாவுக்கு எத்தனை டிஎம்சிங்கறது கூட பெரிய விஷயம் இல்ல, எந்த வாரத்துல, எவ்ளோ வேகமா திறக்கறாங்கங்கறது தான் விஷயம். மார்ச்ல இருந்து மே வரைக்கும் திடீர்னு ஒரு அடி ஏறி இறங்கினாலே அந்தப் பாறைல இருக்கற ரெண்டு முட்டை போச்சு, வருஷக் கணக்குல மொத்த டிஎம்சி சரியா இருந்தாலும் அதுக்கு பிரயோஜனம் இல்ல.

இன்னொண்ணு சொல்லணும், இந்த "வெளிநாட்டுப் பறவைகள் வருகை"ங்கற தலைப்பு. வருஷா வருஷம் பேப்பர்ல வரும், சைபீரியா, ஆஸ்திரேலியான்னு சரம் சரமா நாடு பேரு போடுவாங்க. ரங்கனத்திட்டுல நீங்க மரத்துல பாக்கற கூட்டத்துல பெரும்பாலானது நம்ம நாட்டுப் பறவை. மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி, அரிவாள் மூக்கன், கூழைக்கடா எல்லாம் பாஸ்போர்ட் இல்லாம தென்னிந்தியாவுக்குள்ளயே தண்ணி எங்க, மீன் எங்கன்னு பாத்து ஊர் ஊரா சுத்தறதுங்க. வடக்க இருந்து குளிர்காலத்துக்கு வர்ற பறவையும் உண்டு, ஆனா அது இங்க கூடு கட்டாது, சாப்பிட்டுட்டு ஊருக்கு போய் தான் குஞ்சு பொரிக்கும். இதை ஏன் பிடிச்சுட்டு தொங்கறேன்னா, விருந்தாளின்னு நினைச்சா சீசனுக்கு மட்டும் தான் கவலைப்படுவோம். நம்ம வீட்டு ஆளுன்னா மீதி மாசம் அது மேயற ஏரி, குளத்தையும் பாக்கணும். 1940ல பறவை ஆராய்ச்சியாளர் சாலிம் அலி மைசூர் சமஸ்தானத்துல பறவை கணக்கெடுப்பு பண்ணிட்டு இருந்தப்போ இந்தத் திட்டுங்களோட மதிப்பைப் பாத்து மகாராஜாகிட்ட சொல்லி இதை சரணாலயமா அறிவிக்க வெச்சார், அவர் கண்ணுல பட்டதும் இந்த உள்ளூர் கூட்டம் கூடு கட்டறது தான்.

ஆறும் முதலையும் இல்லாத ஊர்ல நாரை என்ன பண்ணும்னு கேட்டா, வேற அகழி தேடிக்கும். வேடந்தாங்கல்ல ஏரித் தண்ணிக்குள்ள நிக்கற கடம்ப மரம். அங்க ஊர்க்காரங்க 18ஆம் நூற்றாண்டு கடைசியிலயே வெள்ளைக்கார கலெக்டர்கிட்ட போய் சிப்பாய்ங்க பறவையை சுடக்கூடாதுன்னு உத்தரவு வாங்கினாங்க, ஏன்னா எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம். அதே மண்டியா மாவட்டத்துல மத்தூர் பக்கம் கொக்கரேபெள்ளூர்னு ஒரு ஊரு, அங்க கூழைக்கடாவும் நாரையும் தெருவுல வீட்டு வாசல் புளியமரத்துல கூடு கட்டும். தண்ணியும் இல்ல முதலையும் இல்ல. திருநெல்வேலி கூந்தன்குளத்துலயும் அப்படித் தான், ஊருக்குள்ள வீட்டு மரத்துல. இங்க எல்லாம் அகழி யாருன்னா ஊர் ஜனங்க. கல்லெறியாத, பட்டாசு வெடிக்காத ஜனங்க இருக்கற தெருவும் நாரைக்கு ஒரு தீவு மாதிரி தான். கொக்கரேபெள்ளூரையும் ரங்கனத்திட்டையும் ஒரே நாள்ல பாக்க முடியும், பாத்தா தான் இந்த வித்தியாசம் மண்டைல ஏறும்.

போறதா இருந்தா ஜனவரில இருந்து மே வரைக்கும் போங்க, கூடு, குஞ்சு, ஆலா எல்லாம் அந்த நேரம் தான். காலைல திறந்ததும் உள்ள போயிடுங்க, வெயில் ஏறினா நீங்களும் சோந்துடுவீங்க, பறவையும் நிழலுக்கு போயிடும். எல்லாரும் ஏர்ற போட் அரை மணி நேரம் கூட ஓடாது, கேமரா வெச்சு பொறுமையா பாக்கணும்னா தனி போட் இருக்கு, காசு ஜாஸ்தி, நாலு பேரா சேந்தா தாங்கும். பளிச்சுன்னு சிவப்பு மஞ்சள்ல டிரஸ் வேண்டாம். ஸ்பீக்கர்ல பாட்டு வேண்டவே வேண்டாம், எங்க பின்னாடி போட்ல ஒரு காலேஜ் கும்பல் கோரஸா விசில் அடிச்சு ஒரு மரம் பூரா காலி பண்ணுச்சு, தாய் எழுந்து பறந்தா அந்த வெயில்ல குஞ்சுக்கு குடை இல்லன்னு அவங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. போட் முடிஞ்சதும் கிளம்பிடாம கரையோரம் மூங்கில் நிழல்ல உக்காந்தீங்கன்னா கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்துல நின்னு ரெக்கை அடிச்சுட்டு செங்குத்தா விழறதைப் பாக்கலாம், மரத்துல நூத்துக்கணக்குல பழந்தின்னி வௌவால் தலைகீழா விசிறிட்டு தொங்கும். அதிர்ஷ்டம் இருந்தா நீர்நாய், குடும்பத்தோட. எனக்கு நாலு தடவைல ஒரு தடவை தான், அதுவும் வால் மட்டும்.

ஜூலை கடைசில ஒரு வேலையா மைசூர் போனப்போ தனியா மறுபடி போனேன். போட் கிடையாதுன்னு போர்டு. கேஆர்எஸ் ரொம்பி திறந்து விட்டிருந்தாங்க. கரையில நின்னு பாத்தா ஆறு செம்மண் கலர்ல, மார்ச்ல நாங்க மெதுவா போன வழில மரக்கட்டை எல்லாம் உருண்டு போகுது. மரத்து உச்சில வளந்த நாரைக் குஞ்சுங்க, இன்னும் சாம்பல் கலர் போகல, வரிசையா நின்னு கீழ பாத்துட்டு இருந்துச்சு. பாறைங்க ஒண்ணும் தெரியல, எந்தப் பாறை எங்க இருந்துச்சுன்னு கூட அடையாளம் சொல்ல முடியல.

ஆடிப்பெருக்கு அன்னிக்கு அம்மா போன் பண்ணாங்க. அம்மா மண்டபத்துல தண்ணி படி ஏறி நிக்குது, கூட்டம்னா கூட்டம், கால் வெக்க இடமில்லன்னு சந்தோஷமா சொல்லிட்டே வந்தவங்க நடுவுல நிறுத்தி, "ஏண்டா, அந்தப் பாறை மேல உக்காந்திருந்துச்சே, அது?"ன்னாங்க. "அதுக்கெல்லாம் முன்னாடியே குஞ்சு பொரிச்சு பறந்திருக்கும்மா, மே மாசமே"ன்னேன்.

"பாத்தியா?"

பாக்கல.